தவக்குல் எங்கே ஆரம்பமாகிறது?

 

சங்கத்தின் மகாசபைக் கூட்டம் நெருங்கி வருகிறது. சட்டதிட்டங்களைத் திருத்த வேண்டும், பொறுப்புகளைப் பங்கிட வேண்டும், மாலை மதரஸாவை இக்காலப் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு நடத்த வேண்டும் என வாலிபர்கள் கேட்கிறார்கள். "இத்தனை நாள் நடந்தது இனியும் நடக்கும், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று பெரியவர்களில் சிலர் சொல்கிறோம். இது தவக்குல்தானா? நாயகம் (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தைக் கொண்டு சிந்திப்போம்.

கி.பி. 622-இல் நடந்த அந்தப் பிரயாணம் ஒரு நாளில் எழுந்த எண்ணமன்று. அபூபக்கர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்கள் தீனி போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். மதீனா வடக்கே இருக்க, தெற்கேயுள்ள தௌர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். அப்துல்லாஹ் (ரலி) மக்கத்துச் செய்தியை இரவில் கொண்டுவந்தார். அஸ்மா (ரலி) உணவு கட்டித் தந்தார். ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) ஆடுகளை ஓட்டிவந்து பால் கொடுத்தார். வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் முஸ்லிம்கூட அல்லர். பாதை அறிந்தவர், நம்பத்தக்கவர். வேலைக்கு ஆளைத் தேடினார்களேயன்றி, ஆளுக்காகப் பதவியைத் தேடவில்லை!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஊரைவிட்டுத் துரத்தியவர்களின் அமானிதப் பொருள்களையும் உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வரும்படி அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்தினார்கள். பழைய கணக்கைத் தீர்த்த பின்னரே புதிய வாழ்வு.

இவ்வளவு ஏற்பாடு செய்தும் எதிரிகள் குகை வாசலுக்கே வந்துவிட்டார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் கலங்கியபோது, அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தேற்றினார்கள். மனிதன் தன்னால் இயன்றதை முடித்து நிற்கும் அந்த இடத்தில்தான் தவக்குல் ஆரம்பமாகிறது.

இதை நான் பிறருக்குச் சொல்லும் முன் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். முன்பு ஒரு சங்கத்தில் பொருளாளராக இருந்தேன். ஒரு வாலிபர் கணக்குக் கேட்டார். "என்னையே சந்தேகிக்கிறாயா தம்பி?" என்று சீறினேன். இரவில் கடையை அடைத்துவிட்டு மேசை அறையைத் திறந்தால், இரண்டு வருஷத்து ரசீதுகள் எழுதப்படாமலே கிடந்தன. என் கடைச் சரக்கை மட்டும் வருஷம் தவறாமல் இருப்பெடுத்து வந்திருக்கிறேன்! நான் திருடவில்லை. ஆனால் குறைந்த 47 ரிங்கிட்டுக்கு விடை சொல்ல என்னால் முடியவில்லை. கைப்பணத்தைப் போட்டு நிரப்பினேன். அந்தத் தம்பி பிறகு சங்கத்தின் பக்கமே வரவில்லை. அந்த நஷ்டத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

சிங்கப்பூரைப் பாருங்கள். கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1960-இல் அங்கே உயர்நிலை வகுப்புகள் வந்தன. பின்னர் பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் மாணவர் குறைந்து, 1982-இல் அது மூடப்பட்டது. ஆயினும் 1983-இல் அரசாங்கம் அமைத்த தமிழ் மொழி நிலையம் அதே புலவர் பெயரைத் தாங்கியது. பல பள்ளிப் பிள்ளைகள் அங்கே தமிழ் படிக்கிறார்கள். கட்டடமும் முறையும் மாறலாம், நிய்யத்து மாறலாகாது.

ஆகவே சகோதரர்களே, கூட்டத்திற்கு முன்பே கணக்கை எழுதி முடித்து எல்லோர் பார்வைக்கும் வைப்போம். எந்தப் பொறுப்புக்கு யார் தகுதியென்று மஷ்வரா செய்வோம். மதரஸாவுக்கு ஒரு வருஷத்தில் செய்யவேண்டியதையும் மூன்று வருஷத்தில் செய்யவேண்டியதையும் காகிதத்தில் எழுதுவோம். வாலிபர் பேசும்போது பெரியவர்கள் குறுக்கிடாதிருப்போம். பெரியவர்கள் பட்ட பாட்டை வாலிபர்களும் மறவாதிருக்கட்டும்.

நம் பத்து பெரண்டாம் என்ற பெயருக்கு நீரில் ஊறும் கல் என்று மலாய்க்காரர் பொருள் சொல்வர். எத்தனை பயான் கேட்டும் உள்ளே ஈரம் ஏறாத கல்லாக நம் கல்புகளை ஆக்கிவிடாமல் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.