வழிப்போக்கரின் கடன்

கோடை விடுமுறையின் இறுதி வாரத்தில், துடியலூரிலிருந்து மணப்பாடு திருச்சிலுவை ஆலயத்திற்குக் குடும்பத்தோடு காரில் சென்றுவரும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. முதிய அன்னையார், பிள்ளைகள் மூவர், நாங்கள் இருவர் என ஆறு பேர். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வழி. அதிகாலை 4 மணிக்குச் செபமாலை சொல்லிப் புறப்பட்டு, மாலைத் திருப்பலிக்கு முன் மணப்பாட்டை எட்டிவிட வேண்டும் என்பது எங்கள் திட்டம். அத்திட்டத்தின்மேல் நாங்கள் கொண்ட பற்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது எனலாம்.

பல்லடத்தையும் தாராபுரத்தையும் கடக்கையில் பொழுது புலர்ந்தது. சாலையின் இருமருங்கிலும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் அக்காற்றைக் கோவை மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒட்டன்சத்திரத்தை நெருங்கியபோது வலப்புறம் பழனி மலைத்தொடர் நீலமாய் எழுந்தது. திண்டுக்கல்லைத் தாண்டியதும் இடப்புறம் சிறுமலை. பிள்ளைகள் மலைகளை எண்ணிக்கொண்டு வந்தார்கள். மதுரைக்குத் தெற்கே, கயத்தாற்றில் மீண்டும் காற்றாலைகள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் திரும்பியதும் தாமிரபரணிப் பாசனத்தின் வயல்களும் வாழைத் தோட்டங்களும் கண்ணைக் குளிர்வித்தன. நாசரேத்து என்ற ஊர்ப்பெயரைப் பலகையில் படித்த கடைக்குட்டி, "இயேசு சாமி வளர்ந்தது இங்கேயா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

அதன்பின் பசுமை மறைந்து, செம்மணல் தொடங்கிற்று. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் தேரி என்று வழங்கும் மணற்காடு இது. மழையே பெய்யாத பாலைவனமன்று. காற்று குவித்து வைத்த நிலம். கேரளத்திலும் மலையின் மேற்குச் சரிவிலும் மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வறண்டு விரைந்து வரும் தென்மேற்குப் பருவக் காற்று, பல்லாயிரம் ஆண்டுகளாக அள்ளிச் சேர்த்த மணல் இது என்று புவியியலார் கூறுவர். மணல் துகள்களின்மேல் படிந்த இரும்புத் துருவே அச்சிவப்பு நிறத்தைத் தருகிறது. பண்டை வேட்டைமாந்தரின் சிறு கற்கருவிகள் இங்குக் கிடைத்துள்ளன. அவற்றைப் பற்றிச் சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர்கள் 1956-இல் விரிவாக எழுதினர். ஆக, மனிதர் வாழாத காடாக இது என்றும் இருந்ததில்லை. ஆனால் எங்களுக்கு அன்று அந்த எண்ணம் தோன்றவில்லை. "பாலைவனம்! சினிமாவில் வருவதுபோல!" என்று பிள்ளைகள் கூவினார்கள். நாங்களும் அவ்வாறே கண்டோம்.

பாட்டையிலிருந்து ஒரு மண்தடம் மேட்டை நோக்கிப் பிரிந்தது. மேட்டின்மேல் ஏறி ஒரு படம் எடுத்துக்கொண்டு கால்மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று வண்டியைத் திருப்பினோம். அத்தடம் பிரியுமிடத்தில் முதிய பெண்மணி ஒருவர், தலையில் ஓலைப்பெட்டியுடன் நின்று கையை உயர்த்தி அசைத்தார். பின்னிருக்கையிலிருந்து எம் அன்னையார், "அந்தம்மா கையக் காட்டுதே, நிறுத்து கண்ணு" என்றார். வண்டியில் இடமில்லை, நேரமுமில்லை என்று விடை சொல்லிவிட்டு நாங்கள் நிற்காமல் சென்றோம். ஒரு பர்லாங்கு தொலைவில் பின்சக்கரங்கள் இரண்டும் மணலுள் புதைந்தன.

வாசகர் பலரும் இதற்குள் நல்ல சமாரியர் உவமையை நினைத்திருப்பீர்கள். நாங்களும் அங்கு நின்றபடி அதைத்தான் நினைத்தோம். அவ்வுவமையும் மலையும் பாலையும் சேர்ந்த ஒரு சாலையில் நிகழ்வதே. எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்திலும், எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 250 மீட்டரிலும் உள்ளன. இடையில் 27 கிலோமீட்டர் அளவில் யூதேயப் பாலைநிலம். மத்தியதரைக் கடலிலிருந்து வரும் மழையை மலையின் மேற்குச் சரிவு வாங்கிக்கொள்வதால் கிழக்குச் சரிவு வறண்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே உள்ளோர்க்கு இக்கதை புதிதன்று.

அச்சாலையில் விலகிச் சென்ற குருவையும் லேவியரையும் மறையுரைகளில் கடிந்துகொள்வது எளிது. அவர்கள் கல்நெஞ்சர் என்று விவிலியம் சொல்லவில்லை. கண்டார்கள், விலகிச் சென்றார்கள் என்ற அளவே கூறுகிறது. கள்வர் மறைந்திருக்கும் வழி அது. வீட்டில் காத்திருப்போர் இருந்திருக்கலாம். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்சன் என்னும் உளவியலார் 1973-இல் வெளியிட்ட ஆய்வொன்று நம்மைச் சற்றே நாணச் செய்யும். இறையியல் மாணவர் 40 பேரை ஒவ்வொருவராக மற்றொரு கட்டடத்திற்குச் சென்று உரையாற்றுமாறு அனுப்பினர். வழியில் ஒருவர் துவண்டு கிடந்து இருமி முனகுமாறு ஏற்பாடு செய்திருந்தனர். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவருள் 63 விழுக்காட்டினர் உதவினர். தாமதமாகிவிட்டது, விரைந்து செல்க என்று அனுப்பப்பட்டவருள் 10 விழுக்காட்டினரே உதவினர். அவர்களில் ஒரு பாதியினர் பேச இருந்த பொருளே நல்ல சமாரியர் உவமைதான்! சிலர் அதைப் பேசும் அவசரத்தில், கிடந்தவரைத் தாண்டிக் காலெடுத்து வைத்துச் சென்றார்களாம்.

அப்படியாயின் அவசரம் பாவமா? அன்று திருப்பலிக்கென்றே அவசரப்பட்ட எங்களுக்கு இக்கேள்வி கூர்மையானது. கை காட்டும் எல்லோருக்கும் நிற்பவர் எங்கும் சென்று சேரமாட்டார். அறியாதவருக்கு இரவில் வண்டியை நிறுத்திப் பொருளிழந்தவர்களை நாம் அறிவோம். பிள்ளைகளோடு செல்பவருக்கு எச்சரிக்கையும் ஒரு கடமையே. இவற்றை மறுத்து எழுதினால் அது போலி அறமாகும். நாங்கள் நிற்கவில்லை என்பதைவிட, அப்பெண்மணி எதற்காகக் கை காட்டுகிறார் என்பதைக் கேளாமலே முடிவு செய்துவிட்டோம் என்பதே எங்களை உறுத்துகிறது. கேட்கும் கை என்று கண்டோம். தரும் கையாக இருக்கக்கூடும் என்ற ஐயம்கூட எழவில்லை. காரில் இருப்பவர் கொடுப்பவர், நடப்பவர் பெறுபவர் என்ற கணக்கு எப்போது எங்களுள் புகுந்தது என்று தெரியவில்லை.

வேகத்துக்கும் இதில் பங்குண்டு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். 100 மீட்டர் தொலைவில் நிற்கும் மனிதர், நாலரை நொடியில் பின்னே சென்றுவிடுகிறார். நடந்து செல்பவருக்கோ அதே மனிதரை அணுக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் முகம் தெரியும், ஒரு சொல்லாவது பிறக்கும். 1542-இல் இக்கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், மணப்பாட்டிலும் சுற்றுக் கிராமங்களிலும் நடந்தே பணி செய்தார். தமிழ்ச் செபங்களை மனப்பாடமாக்கிக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்றவருக்கு, வழியில் எதிர்ப்பட்டவர்களும் பணியில் ஒரு பகுதியாகவே இருந்திருப்பர். கண்ணாடிச் சாளரத்தின் வழியே நோக்கும் நமக்கோ மலையும் மணலும் மனிதரும் ஒரே காட்சியாகிவிடுகின்றனர். 'அழகான இடம்' என்று நாம் கூறுவது, யாரோ ஒருவர் உச்சி வெயிலில் கால் சுட நடக்கும் இடம்.

நம் பண்பாடு வழிப்போக்கருக்கு நிறையவே செய்துள்ளது. குறளில் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் உண்டு. துடியலூரை அடுத்த வடமதுரைச் சிவாலயத்து இறைவனின் பெயரே விருந்தீசுவரர். சுந்தரருக்கு விருந்தளித்ததால் வந்த பெயர் என்பது அவ்வூர் மரபு. கொங்கு நாட்டுப் பழஞ்சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் சில இடங்களில் காணலாம். சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாற, பிள்ளை பெறாமலே கருவோடு இறந்த பெண்களின் நினைவாக வீட்டார் நாட்டியவை அவை. தன் வீட்டுத் துயரத்தை, முன்பின் அறியாத வழிப்போக்கரின் தோள்வலிக்கு ஆறுதலாக மாற்றிய அந்த மனம் பெரிது. தண்ணீர்ப் பந்தலும் சத்திரமும் அவ்வாறு எழுந்தவையே. இவையெல்லாம் இருப்பவர், கடப்பவருக்குச் செய்தவை. கடப்பவர் இருப்பவருக்குச் செய்ய வேண்டியது என்ன? இதைப் பற்றி நம் அறநூல்கள் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. பாலைத்திணைப் பாடல்களிலும் வழிப்போக்கரின் அச்சமும் பிரிந்தோரின் ஏக்கமும் மிகுதி; அந்நிலத்தில் வாழ்வோரோ பெரும்பாலும் வழிமறிக்கும் வில்லேந்திய ஆறலை கள்வராகவே வருவர். நடந்து சென்ற காலத்தில் வழிப்போக்கர் வலிமையற்றவர். அதனால் அவர் கடன் குறித்து எவரும் கவலைப்படவில்லை போலும். இன்று வழிப்போக்கரே வலியவர். அவருக்குச் சொல்லத் தக்க அறத்தை இனிமேல்தான் நாம் எழுத வேண்டும். உவமையில் சமாரியரும் ஒரு வழிப்போக்கரே என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

மணலில் நாங்கள் கைகளால் குழி பறித்துக் களைத்தபோது, அப்பெண்மணி தம் ஓலைப்பெட்டியுடன் மெல்ல நடந்து வந்து சேர்ந்தார். ஏசவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பனைகளுக்கிடையே தெரிந்த விடிலியை நோக்கிக் குரல் கொடுத்தார். பாளை அரிவாளை இடுப்பில் செருகிய இளைஞர் ஒருவரும் வேறு இருவரும் வந்தனர். சக்கரங்களின் கீழ்க் காய்ந்த மட்டைகளையும் ஓலைகளையும் அடுக்கி, மூன்று முறை தள்ளினர். வண்டி மேலேறிற்று. பிள்ளைகளுக்கு ஓலைப் பட்டையில் பதநீர் வார்த்துக் கொடுத்தனர். நாங்கள் நீட்டிய பணத்தை அந்த இளைஞர் வாங்க மறுத்தார். நாங்கள் மேலும் வற்புறுத்தினோம். இன்று நினைத்தால் அந்த வற்புறுத்தலும் கடனை அப்போதே தீர்த்துவிட்டுக் கிளம்பும் அவசரமாகத்தான் படுகிறது.

எதற்காகக் கை காட்டினீர்கள் என்று கேட்டோம். "அங்கிட்டுப் பாதை இல்லன்னு சொல்லத்தான்யா" என்றார் பெண்மணி. பின்னர்ச் சற்றே தயங்கி, "வண்டி ஒடங்குடி போச்சுன்னா நானும் ஏறிக்கிடலாமேன்னும் நெனச்சேன்" என்றார். பெட்டியில் கருப்பட்டி இருந்தது; உடன்குடிக் கடையில் போட வேண்டுமாம். நண்பகல் முதல் பேருந்துக்காக நின்றிருக்கிறார்.

எங்கள் அன்னையார் கடைக்குட்டியை மடியில் தூக்கிக்கொண்டு, "வாங்க அம்மிணி, உக்காருங்க" என்று இடம் ஒதுக்கினார். இல்லை என்று நாங்கள் சொன்ன இடம் இருந்தது. வழியெல்லாம் இரு மூதாட்டியரும் பனையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவந்தனர். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் புரிந்தது. அதனால் பேச்சு நிற்கவில்லை. உடன்குடியில் இறங்கிய அவர், பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "ஒங்களுக்குப் பூசைக்கு நேரமாக்கிட்டேனே" என்று வருந்தினார்.

மணப்பாட்டில் நாங்கள் ஆலயத்தினுள் நுழைந்தபோது நற்கருணை வழங்கிக்கொண்டிருந்தார்கள்.