சேற்றில் தோற்ற வேகம்

கார் ராலி என்றாலே ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறவனின் ஆட்டம் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலி சொல்லும் கணக்கு வேறு. எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவையொட்டி 1953இல் உள்ளூர் ஆர்வலர்கள் தொடங்கிய போட்டி அது. சாதாரணமாக விற்பனைக்கு வந்த கார்கள்தான் ஓடின. பிறகு ஐரோப்பிய நிறுவனங்கள் பணத்தோடும் பெயர்பெற்ற ஓட்டுநர்களோடும் வந்து இறங்கின. ஆனாலும் 1972இல் ஃபின்லாந்தின் ஹன்னு மிக்கோலா வெல்லும்வரை வெளிநாட்டவர் எவருக்கும் முதலிடம் கிட்டவில்லை. 1965இல் கென்யாவின் ஜோகிந்தர் சிங் வென்றது ஒரு பழைய வால்வோவில், அதுவும் பிறர் ஓட்டிக் கழித்தது.

மழையும் சேறும் யாரையும் கவிழ்க்கும், எல்லாம் அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். 1963இலும் 1968இலும் புறப்பட்ட கார்களில் ஏழே ஏழுதான் முடிவை எட்டின. இரண்டு முறையும் முதலில் வந்தவர் ஒருவரே: பெஜோ 404 ஓட்டிய நிக் நொவிக்கி. இரண்டு பட்டியலிலும் ஜோகிந்தரும் இருந்தார். அதிர்ஷ்டம் இப்படி முகவரி பார்த்து வருமா? பாதை தெரிந்தவர்களுக்குச் சாதகம்தானே என்பது அடுத்த ஆட்சேபம். ஓரளவு உண்மை. ஆனால் வசதி படைத்த அணிகளும் பாதையை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தன. எந்தப் பள்ளத்தில் நிதானித்தால் வண்டி பிழைக்கும் என்ற தெளிவு, பார்த்தால் மட்டும் வருவதில்லை. மிக்கோலாவுக்குப் பிறகும், 1974இலும் 1976இலும், ஜோகிந்தரே வென்றார்.