திருகைத் திருப்பியது நியாயமா?

பொய் என்பது வாயினால் மட்டுமே சொல்லப்படுவதா? கையினாலும் ஒருவன் பொய் சொல்லக் கூடுமா? இக்கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு பழைய சி.டி. பெட்டி. நகைக்க வேண்டா, அன்பர்களே.

1982-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இவ்வகைப் பெட்டியில், தட்டை உரசிச் செல்லும் முள் கிடையாது. கண்ணுக்குப் புலனாகாத லேசர் ஒளி ஒரு சிறு வில்லையின் வழியே தட்டின்மேற் பட்டுத் திரும்புகின்றது. அதன் ஏற்றத்தாழ்வே பாட்டாகின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வொளி மங்கும். வீட்டில் பதிவு செய்த தட்டுகள் ஒளியைக் குறைவாகவே திருப்புவன ஆதலின், பெட்டி அவற்றை முதலில் மறுக்கும். பின்னர் கடைத்தட்டும் தத்தித் தத்திப் பாடும். அப்போது லேசர்ப் பகுதியையே மாற்றுதல் முறை.

ஆனால் பல பெட்டிகளில் அப்பகுதியின் ஓரத்தே ஒரு சிறு திருகு உண்டு. அதனைச் சற்றே திருப்பினால் லேசருக்குச் செல்லும் மின்சாரம் மிகும். மங்கிய ஒளி மீண்டும் பிரகாசிக்கும். எத்தனை நாளைக்கு? மிகுந்த மின்சாரம், தேய்ந்த லேசரை இன்னும் விரைவாகத் தேய்த்துவிடும்.

எங்கள் தோட்டத்து அம்மையார் ஒருவர், காலஞ்சென்ற கணவரின் பெட்டியை என்னிடம் கொண்டுவந்தார். ஓய்வு நேரத்தில் இவற்றைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். வில்லையைத் துடைத்தேன், பயனில்லை. புதிய பகுதியைத் தருவிக்கப் பணமும் நாளும் ஆகும். அவரோ அன்றிரவே பாட்டுக் கேட்க ஆவலுற்றார். திருகைத் திருப்பினேன், பெட்டி பாடிற்று. "கிராணி தம்பி, ஒங்க கை நல்லா இருக்கணும்" என்று இருபது வெள்ளியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பழுது தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. அவரே அவ்வாறு எண்ணிக்கொண்டார்; நான் திருத்தவில்லை, அவ்வளவே. ஆயினும், தாயத்து விற்பவனை நாம் எதற்காகக் கண்டிக்கிறோம்? நோய் தீராதிருக்கத் தீர்ந்ததாக எண்ணவைத்துப் பணம் பறிக்கிறான் என்றுதானே? என் கையிலிருந்த திருப்புளி அவனுடைய தாயத்தினும் எவ்வகையில் உயர்ந்தது? அவனாவது தன் தாயத்தைத் தானே நம்பக்கூடும். எனக்கோ லேசரின் நிலை தெரியும்.

"சில நாளாவது அவ்வம்மாள் மகிழ்ந்தாளே" என்று நண்பர் ஒருவர் வாதித்தார். மகிழ்ந்தது மெய்யே. திருகைத் திருப்பியதும் குற்றமன்று. 'இது சில வாரமே தாங்கும்' என்று கூறியிருந்தால், அவரே அதனைத் தெரிந்தெடுத்திருக்கவும் கூடும். தெரிந்தெடுக்கும் உரிமை அவருடையது. பள்ளிப் படிப்பில்லாதவருக்கு இதெல்லாம் எதற்கு என்று எண்ணி, அவருக்காக நானே தீர்மானித்தேன். அந்த எண்ணத்தை இன்று நினைப்பினும் நாணுகிறேன்.

மூன்றாம் மாதம் பெட்டி ஊமையாயிற்று. நடந்ததைச் சொன்னேன். அதே எண்ணுள்ள புதிய பகுதியைத் தருவித்தேன். நிலைமின்சாரம் தாக்காதிருக்க அதன்மேல் ஒரு துளி ஈயப்பற்று இட்டிருந்தார்கள்; கம்பிப் பட்டையைச் செருகிய பின்னரே அதனை நீக்கினேன். பெட்டி தெளிவாகப் பாடிற்று.

"ரெண்டு வாரம் பொறுக்க மாட்டேனா தம்பி? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார் அம்மையார். நான் திருப்பி நீட்டிய இருபது வெள்ளியை, மறுக்காமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.