கரையிலிருந்து ஒரு கேள்வி

மனிதர் நாவில் எளிதில் வராத சொற்களுள் "தோற்றேன்" என்பதும் ஒன்று. காலம் சரியில்லை என்போம். உடன் இருந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்போம். இவற்றையெல்லாம் சொல்லித் தீர்த்த பிறகும் அந்த ஒரு சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்ற வினாவை, 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் தோற்றுப்போன ஒரு கூடைப்பந்து அணி நம்முன் வைத்தது.

விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகருக்குரியது பக்ஸ் அணி. 1971க்குப் பின் 50 ஆண்டுகள் காத்திருந்து, 2021இல் அது மீண்டும் என்.பி.ஏ. கோப்பையை வென்றது. 2022-23 பருவத்தில் 82 ஆட்டங்களில் 58ஐ வென்று, அனைத்து அணிகளுக்கும் முதலாவதாக நின்றது. இறுதிக்கட்டப் போட்டிகளின் முதல் சுற்றில் அதை எதிர்கொண்ட மயாமி ஹீட், தன் பிரிவில் எட்டாவதாக, தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்த அணி. ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்பவரே முன்னேறுவர். மில்வாக்கி ஒன்றை மட்டும் வென்று, நான்கில் தோற்று வீடு திரும்பியது.

அன்றிரவு செய்தியாளர் ஒருவர், அணியின் முதன்மை வீரர் யான்னிஸ் அன்டெடோகூம்போவிடம், "இந்தப் பருவத்தைத் தோல்வி எனக் கருதுகிறீரா?" என்று கேட்டார். வீரர் வருந்தினார். ஆண்டுதோறும் உமக்குப் பணி உயர்வு கிடைக்கிறதா, கிடைக்காத ஆண்டின் உழைப்பெல்லாம் தோல்வியா என்று திருப்பிக் கேட்டார். மைக்கேல் ஜோர்டன் 15 பருவங்கள் ஆடி 6 கோப்பைகளை வென்றாரே, மற்ற ஒன்பதும் தோல்விகளா என்றார். விளையாட்டில் தோல்வியே இல்லை, வெற்றியை நோக்கிய படிகளே உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். உலகெங்கும் பலர் அதைக் கேட்டு நெகிழ்ந்தனர்.

நெகிழ்ந்ததில் வியப்பில்லை. நைஜீரியப் பெற்றோருக்கு ஏதென்சில் பிறந்து, சகோதரர்களோடு தெருவில் பொருள் விற்று வளர்ந்தவர் அவர். பலன் கிட்டாத நாளிலும் உழைப்பு வீணாவதில்லை என்று சொல்ல அவரைவிட உரிமை உடையவர் யார்? முயற்சி தன் கூலியைத் தராமற் போகாது என்ற வள்ளுவர் வாக்கின் எதிரொலியும் அதில் கேட்கிறது.

ஆயினும் என் மனம் அங்கே முழுமையாக அமைதி கொள்ளவில்லை. கடைசி ஆட்டத்தில் அவருக்கு 23 தனி எறிகள் கிடைத்தன. தனி எறி என்பது எவரும் குறுக்கே வந்து தடுக்காமல், கோட்டருகே நின்று பந்தைக் கூடையில் இடும் வாய்ப்பு. பத்து உள்ளே சென்றன; பதின்மூன்று தவறின. கூடுதல் நேரம்வரை சென்ற அந்த ஆட்டத்தில் அணி தோற்றது 126-128 என இரண்டே புள்ளிகளில். கோப்பை வென்ற 2021ஆம் ஆண்டின் கடைசி ஆட்டத்தில் இதே வீரர் 19இல் 17ஐ இட்டவர். அந்தப் பதின்மூன்றையும் படிகள் என்று மட்டும் அழைத்தால், எதைத் திருத்துவது? தோல்வியே இல்லையெனில் மனச்சான்று ஆய்வுக்கும் இடமில்லை.

அணி நிர்வாகமோ மறு எல்லைக்குச் சென்றது. சில நாள்களிலேயே, கோப்பை வென்று தந்த பயிற்சியாளரை நீக்கியது. இறுதி நேரத்தில் ஆட்டத்தை நிறுத்திக் கலந்துபேசும் வாய்ப்பை அவர் பயன்படுத்தவில்லை என்பது ஒரு குறை. ஆனால் அத்தொடர் நடந்த நாள்களிலேயே அவர் தம் சகோதரர் ஒருவரை வாகன விபத்தில் பறிகொடுத்திருந்தார் என்பது பின்னரே வெளியே தெரிந்தது. அடுத்து வந்தவர் 43 ஆட்டங்களில் 30ஐ வென்றும் 2024 சனவரியில் நீக்கப்பட்டார். அவ்வாண்டும் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது.

ஒருவர் தோல்வியே இல்லை என்கிறார். மற்றவர் தோல்விக்கு ஓர் ஆளைத் தேடுகிறார். இரண்டுமே உண்மையிலிருந்து தப்பும் வழிகள்.

ஒரு செயலைத் தொடரும் விளைவு அச்செயலின் நன்மை தீமையைக் கூட்டுமா என்று புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் வினவுகிறார். முன்னறிந்த விளைவும், செயலின் இயல்பிலிருந்தே பெரும்பாலும் வரும் விளைவும் கணக்கில் சேரும்; தற்செயலாய் அரிதாக நேர்வது சேராது என்பது அவர் விடை. தவறிய எறி பாவமன்று. எனினும் அவர் கற்பிக்கும் பிரித்தறிதல் இங்கும் பயன்படும். முதல் ஆட்டத்திலேயே யான்னிஸ் முதுகில் அடிபட்டு, அடுத்த இரண்டு ஆட்டங்களில் ஆட இயலாமற் போனது எவர் குற்றமும் அன்று. நான்காம் ஆட்டத்தில் எதிரணியின் ஜிம்மி பட்லர் 56 புள்ளிகள் குவித்தது அவரது திறமை. தனி எறிகளும் பயன்படுத்தாத இடைவேளைகளும் தம் கையில் இருந்தவை. கையில் இருந்ததற்கு மட்டும் பொறுப்பேற்பதே நேர்மை.

ஆனால் அந்த நேர்மைக்குத் துணிவு எங்கிருந்து வரும்? யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் சீடர் வருகின்றனர். கரையில் நிற்பவர், மீன் ஏதும் கிடைத்ததா என்று கேட்கிறார். தொழில் தெரிந்த மீனவர்களை நோக்கிய சங்கடமான கேள்வி அது. காற்றையோ கடலையோ அவர்கள் குறைகூறவில்லை; இல்லை என்கின்றனர். அதன்பின்னரே வலை நிறைகிறது. கரையேறியதும் அவர்கள் காண்பது என்ன? கரித்தீயும், அதன்மேல் மீனும், அப்பமும். அவர்கள் பிடித்ததைக் கொண்டுவருமுன்னரே உணவு ஆயத்தமாயிருந்தது.

அதே தீயருகில்தான் பேதுருவும் மும்முறை வினவப்படுகிறார். நீ மறுதலிக்கவே இல்லை என்று ஆண்டவர் அவரைத் தேற்றவில்லை. மறுதலித்ததற்காக அவரை நீக்கவுமில்லை. அன்பு உண்டா என்று கேட்டு, ஆடுகளை அவரிடமே ஒப்படைக்கிறார்.

செய்தியாளரின் கேள்வி தவறானதன்று. அதைக் கேட்ட இடத்தில் தீயும் இல்லை, அப்பமும் இல்லை. விடைக்குப் பின் காத்திருந்தது தீர்ப்பு மட்டுமே. அத்தகைய இடத்தில் எவர்தாம் "தோற்றேன்" என்பார்?

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் வீட்டு வாசலிலும் ஒரு பிள்ளை நிற்கிறது. தொழிலில் நொடித்த கணவர் இரவில் தாமதமாய் வருகிறார். எத்தனை மதிப்பெண், எவ்வளவு இழப்பு என்று நாம் கேட்கத்தான் வேண்டும். பொய்யான ஆறுதல் எவரையும் வளர்க்காது. ஆனால் கேட்குமுன் அடுப்பை மூட்டினோமா, தட்டில் உணவை இட்டோமா? "இல்லை" என்ற சொல்லை அச்சமின்றிச் சொல்லக்கூடிய ஒரு கரையாக நம் இல்லம் இருக்கிறதா?