ஏழாம் படி

மார்கழி 1

2023ஆம் ஆண்டின் மார்கழி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறந்தது. டிசம்பர் 17. விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. வாசலில் கோலம் போட முடியவில்லை. சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூவைத் திண்ணை ஓரமாக வைத்துவிட்டு, ஆச்சி பட்டாசலில் உட்கார்ந்து திருப்பாவையின் முதல் பாசுரத்தைப் பாடினாள். பாட்டைவிட மழைச் சத்தம் பெரிதாக இருந்தது.

ஆழ்வார்திருநகரியில் பிறந்தவர்களுக்கு மழை பயம் கிடையாது. பொதிகையில் பெய்தால் ஆறு வரும். ஆறு வந்தால் வாழைக்கும் நெல்லுக்கும் நல்லது. அவ்வளவுதான் நாங்கள் அறிந்த கணக்கு. ஆனால் அன்றைய மழை மலையில் பெய்யும் மழையைப்போல இல்லை. எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. தூறி, வலுத்து, ஓய்ந்து, மறுபடி வரும் மழையின் மூச்சு அதில் இல்லை. காலையில் பிடித்த ஒரே சுருதியில் மாலைவரை பெய்தது.

பொழுது சாயும்போது ஆச்சி மாடிப்படிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "தொண்ணூத்திரண்டுல ரெண்டாம் படி வரைக்கும் வந்துது ஐயா. எதுக்கும் சாமானையெல்லாம் நாலாம் படி உசரத்துக்கு ஏத்தி வையி" என்றாள். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைத்தான் சொன்னாள். நெல் மூட்டையைப் பெஞ்சின் மேல் ஏற்றினேன். கருப்பட்டிப் பானையை அரங்கின் மேல்தட்டில் வைத்தேன். பத்திரங்கள் இருந்த டிரங்குப் பெட்டியை மேசை மேல் வைத்தேன். ஆச்சி சொன்னதைவிட இரண்டு விரல் கூடுதலாகவே உயர்த்தினேன். மனம் நிம்மதியானது.

இரவு ஒன்பது மணிபோல் ரயில் ஊதும் சத்தம் கேட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னை போகும் செந்தூர் எக்ஸ்பிரஸ். எங்கள் ஊரைக் கடந்து மேற்கே போனது. வெளியுலகத்திலிருந்து எங்கள் காதில் விழுந்த கடைசிச் சத்தம் அதுதான்.

மார்கழி 2

தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. அடுக்களை அங்கணத்தின் துவாரம் வழியாக வந்தது.

பாத்திரம் கழுவிய தண்ணீர் வெளியே போவதற்காக வைத்த துவாரம். ஐம்பது ஆண்டுகளாக ஒரே திசையில் வேலை செய்தது. அன்று இரவு அதில் தண்ணீர் குமிழியிட்டு உள்ளே ஏறியதைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். சாக்குத் துணியை அடைத்தேன். துணியைத் தள்ளிக்கொண்டு வந்தது. வீடு என்பது ஊரின் தரையில் ஓர் இடம் மட்டுமே. தண்ணீருக்கு என் வீடும் தெருவும் வயலும் ஒரே மட்டம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெளியே ஓர் ஆள் தெருவில் இடுப்பளவு தண்ணீரில் நடந்தபடி சத்தம் போட்டார். "ஏ, எல்லாரும் மாடிக்குப் போங்க! கொளத்துத் தண்ணியும் சேந்து வருது!"

இரண்டாம் படி மூழ்கியது. நாலாம் படி மூழ்கியது. ஆச்சியைக் கைத்தாங்கலாக ஏற்றும்போது நாங்கள் கால் வைத்த படிகள் எங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மறைந்தன. கீழே இருட்டில் பித்தளைக் குடங்கள் மிதந்து கதவில் முட்டும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ வெளியே நின்று தட்டுவதுபோல இருந்தது. கேட்கக் கேட்க எழுந்துபோய்த் திறக்கவேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

எதிர்வீட்டு அண்ணாச்சி தொழுவத்துக்குள் நீந்திப் போய் இரண்டு மாடுகளின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார். "கட்டிப் போட்டுட்டு நான் மட்டும் மேல ஏற முடியுமா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் அவரிடம் கேள்வி கேட்கவில்லை. அவர் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்கழி 3

எங்கள் மொட்டைமாடியில் இருபத்து மூன்று பேர். ஓர் ஆட்டுக்குட்டி. கைப்பிடிச் சுவரின் மூலையில் ஒரு சாரைப்பாம்பும் இருந்தது. குழந்தைகளை இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டோம். பாம்பும் அந்த மூலையை விட்டு அசையவில்லை. யாரும் கம்பு தேடவில்லை.

நான்கு பக்கமும் ஒரே பழுப்பு நிறம். வாழைத்தோட்டம் இருந்த இடத்தில் இலைநுனிகள் மட்டும் தெரிந்தன. தார் ஈன்ற வாழைகள். தைப்பொங்கலுக்கு வெட்டுவதற்காகக் காத்திருந்தவை.

சுற்றிலும் இவ்வளவு தண்ணீர். குடிக்கத் தண்ணீர் இல்லை. மழைநீரைக் குடத்தில் பிடித்து வேட்டித் துணியில் வடிகட்டினோம். பக்கத்து வீட்டு மதினி தலையில் சுமந்து ஏற்றியிருந்த அவல் மூட்டையைப் பிரித்தாள். மழைநீரில் நனைத்து, ஆளுக்கு ஒரு கை. இனிப்புக்குக் கருப்பட்டி இல்லை. அரங்கில் உயரமாக நான் வைத்த பானைக்குள் அது கரைந்துகொண்டிருந்தது.

கைபேசிகள் அணைந்துவிட்டன. மின்சாரம் இல்லை. எங்களைப்போல எத்தனை மாடிகளில் எத்தனை பேர் என்று தெரியாது. பிற்பாடுதான் அறிந்தோம்: நாங்கள் ஊதல் கேட்ட அந்த ரயில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டவில்லை. தண்டவாளத்தின் அடியில் இருந்த சரளையை வெள்ளம் அரித்துப் போய்விட்டது. சுமார் எண்ணூறு பயணிகள் ரயிலிலும் நிலையத்திலும் அருகிலிருந்த பள்ளிக்கூடத்திலும் இரண்டு நாள் சிக்கியிருந்தார்கள். தங்கள் ஊரே தண்ணீரில் நிற்க, பக்கத்தில் இருந்த புதுக்குடி மக்கள் வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள்.

கிழக்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானதும் பிற்பாடு தெரிந்ததுதான். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மலையிலும் பெய்து சமவெளியிலும் பெய்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறந்த நீர் ஆற்றில் வர, ஊர்களில் பெய்த நீர் ஆற்றுக்குள் போக இடமில்லாமல் திரும்பி நின்றது. எங்கள் அங்கணத் துவாரம் திசை மாறியதன் காரணம் அதுதான்.

அன்று திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தை யாரும் பாடவில்லை. நினைவே வரவில்லை.

மார்கழி 4

தண்ணீர் இறங்கிவிட்டது. வந்த வேகத்தில் போகவில்லை. ஒவ்வொரு படியிலும் சற்று நின்று, சேற்றை விட்டுவிட்டுப் போனது.

கீழே இறங்கினோம். ஒரு முழம் உயரத்துக்கு வண்டல். கால் வைத்தால் பசைபோல இழுத்தது. நெல் மூட்டை வாய் பிளந்து கிடந்தது. ஊறிய நெல்லில் முளை கட்டத் தொடங்கியிருந்தது. பத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. கருப்பட்டிப் பானையில் கறுத்த தண்ணீர். சுவரைச் சுற்றி ஒரே மட்டத்தில், நூல் பிடித்து இழுத்ததுபோல, ஒரு கோடு. அந்தக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து மாடிப்படிக்குப் போனேன். ஏழாம் படியில் போய் நின்றது.

ஆச்சி கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான ஐயா நாலாம் படின்னு சொன்னேன்" என்றாள். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னது பொய் அல்ல. அவள் கண்ணால் பார்த்தது இரண்டாம் படி. அதை எல்லை என்று எடுத்துக்கொண்டது நான்.

சற்றுப் பொறுத்து அவள் கேட்டாள்: "இன்னைக்கு நாலாவது பாட்டு. பாடலாமா?"

நான்காம் பாசுரம் மழையை அழைக்கும் பாட்டு. முழங்கால்வரை சேற்றில் நின்றுகொண்டு மழையை எப்படி அழைப்பது? பக்கத்து வீட்டு மதினி துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஆச்சியைப் பார்த்தாள். யாராவது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஆச்சி விட்டிருப்பாள். யாரும் சொல்லவில்லை.

அவள் நேராக நாலாவதுக்குப் போகவில்லை. முந்தின நாள் விட்டுப்போன மூன்றாவதை முதலில் பாடினாள். கேடு செய்யாமல், மாதம் மூன்று முறை மழை பெய்யவேண்டும் என்று கேட்கும் பாட்டு அது. அதைப் பாடி முடித்த பிறகே நாலாவது. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் இந்த இரண்டையும் கேட்டிருக்கிறேன். அளவைக் கேட்ட பிறகுதான் மழையைக் கேட்கிறார்கள் என்பது அன்றுதான் என் காதில் ஏறியது.

மார்கழி 7

வைகுண்ட ஏகாதசி. எப்போதும் இந்த நாளில் நவதிருப்பதிக் கோயில்களுக்கு வண்டி வண்டியாக ஆட்கள் வருவார்கள். இந்த முறை வந்த வண்டிகளில் தண்ணீர், அரிசி, பாய், போர்வை. எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். ஊர்ப்பெயர் கேட்டால் சொல்லிவிட்டு, அடுத்த தெருவுக்கு வழி கேட்டார்கள்.

ஆச்சியின் கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். அவள் அதை லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பையனிடம் நீட்டினாள். "ரெண்டு நாளு பெருமாளே என்னைப் பட்டினி போட்டாரு. இன்னைக்கு நானா இருக்கேன். நீ சாப்பிடு ராசா."

எதிர்வீட்டு அண்ணாச்சியின் மாடுகளில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. மற்றதை அவர் ஆற்றோரமாகத் தேடிக்கொண்டே இருக்கிறார். கையில் அவிழ்த்த கயிறு.

மார்கழி 15

ஆற்றுப் படித்துறைக்குப் போனேன். தெளிந்து, கணுக்கால் ஆழத்தில், எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கிறது. கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

இந்த ஆற்றிலிருந்து குடித்துத்தான் வளர்ந்தேன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிந்து, கால்கள் குளங்களை நிறைத்து, குளத்து மடைகள் வயலை நனைத்து, மிஞ்சியது மறுகால் வழியாக அடுத்த குளத்துக்குப் போய், கடைசியில் புன்னைக்காயல் பக்கம் கடலில் சேரும். மிஞ்சிய தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு எங்கள் முன்னோர்கள் தரையிலேயே பதில் எழுதிவைத்தார்கள். அந்தப் பதிலின் மேல் அமலைச்செடி படர்ந்திருக்கிறது. மறுகால் ஓடையில் சீமைக்கருவேலம் நிற்கிறது. சில இடங்களில் வீடுகளே நிற்கின்றன. மழை எங்கள் கையில் இல்லை. மறுகால் எங்கள் கையில்தான் இருந்தது. அந்த ஓடையைப் பார்த்துப் பார்த்து நடந்தவர்களில் நானும் ஒருவன். குனிந்து ஒரு செடியைப் பிடுங்கியதில்லை.

மார்கழி 27

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். சுவரில் இருந்த கோட்டைக் காட்டி, "ரெண்டு கோட்டு அடிச்சாப் போயிரும் அண்ணாச்சி" என்றார்.

வீடு முழுவதும் அடிக்கச் சொன்னேன். மாடிப்படிச் சுவரில் ஒரு சாண் இடம் மட்டும் விடச் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. அவர் வீட்டிலும் அப்படி ஓர் இடம் விட்டிருக்கலாம்.

உளியால் ஏழாம் படிக்கு நேராகக் கீறினேன்: 18-12-2023. ஆச்சி பக்கத்தில் நின்று, இரண்டாம் படிக்கு நேராகவும் ஒரு கோடு போடச் சொன்னாள். அவள் காட்டிய இடத்தில் 1992 என்று வெட்டினேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஐந்து படிகள். முதல் கோடு அவள் நினைவில் மட்டும் இருந்தது. நான் அதை நம்பினேன், நம்பியதாலேயே இழந்தேன். இப்போது இரண்டும் சுவரில் இருக்கின்றன. ஏழாம் படிக்கு மேல் இன்னும் ஆறு படிகள் வெறுமையாக இருக்கின்றன. கீறி முடித்த பிறகு நான் அதிக நேரம் பார்த்தது அவற்றைத்தான்.

ஆற்றங்கரையில் வீடு இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளம் நின்ற மட்டத்தைச் சுவரில் விட்டுவையுங்கள். பொங்கலுக்குக்கூட அதன் மேல் வெள்ளையடிக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் கேட்டால் தண்ணீர் இதுவரை வந்தது என்று மட்டும் சொல்லுங்கள். இதற்கு மேல் வராது என்று சொல்லிவிடாதீர்கள்.