யார் வீட்டுப் பிள்ளை?

தென்னூரில் ஒரு வழக்கம் உண்டு. தென்னூரில் மட்டும் என்ன, காவேரிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் அதே வழக்கந்தான். புதிய முகம் ஒன்றைக் கண்டால் பெரியவர்கள் முதலில் பெயரைக் கேட்பதில்லை. “தம்பி யார் வீட்டுப் பிள்ளை?” என்றுதான் கேட்பார்கள். ஸ்ரீரங்கத்து வீதிகளில் இதே கேள்வி ‘என்ன கோத்திரம்?’ என்று வரும். பாலக்கரைப் பக்கம் ‘எந்தப் பங்கு?’ என்று வரும். கேட்கும் விதந்தான் வேறு, கேள்வி ஒன்று. ஒரு மனிதனை அவனைக் கொண்டே தெரிந்து கொள்ள நமக்குப் பொறுமை இல்லை. அவனைப் பெற்றவர்களைக் கொண்டு தெரிந்து கொண்டுவிடப் பார்க்கிறோம்.

பெற்றவர் யாரென்று தெரியாத ஒரு குழந்தையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அது என்ன சொல்லும்?

எனக்குப் பழக்கமான ஒரு தம்பதி குழந்தை ஒன்றைத் தத்தெடுத்துக் கொள்வதென்று தீர்மானித்தார்கள். கிறிஸ்தவர்கள், இருவரும் ஆசிரியர்கள். தலைமுறை தலைமுறையாக வேதத்தில் இருக்கும் குடும்பம். வீட்டு வேதப்புத்தகத்தின் முன்பக்கத்தில், பிறந்தவர்களின் பெயரும் ஞானஸ்நானம் பெற்ற தேதியும் பாட்டன் காலத்து மையில் தொடங்கி வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தத்து என்றதும் கணவரின் தாயார் கலங்கிப் போனார். “எந்த வயித்துல பொறந்ததோ, எந்த ரத்தமோ, யாருப்பா கண்டா? நாளைக்கு நம்ம வேதத்துல நெலைச்சு நிக்குமா?” என்று என்னிடமே கேட்டார். கெட்ட மனம் படைத்தவர் அல்லர் அந்த அம்மாள். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சி கொண்டு போகிறவர். ஆனாலும் அவர் கேட்டவை இரண்டு பெரிய கேள்விகள். ஒன்று ரத்தத்தைப் பற்றியது. மற்றது விசுவாசத்தைப் பற்றியது. இரண்டையும் ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ரத்தத்தை எடுத்துக் கொள்வோம். நம் சாஸ்திரங்கள் ரத்தம் ஒன்றையே நம்பின என்று பலர் நினைக்கிறார்கள். மனு பன்னிரண்டு வகைப் பிள்ளைகளைச் சொல்கிறார். தனக்குத் தன் மனைவியிடம் பிறந்தவனுக்கு முதலிடம், வாஸ்தவந்தான். ஆனால் உறவுக்கும் சொத்துக்கும் உரியவர்களென்று அவர் சொல்லும் முதல் ஆறு பேரில் தத்துப்பிள்ளையும் இருக்கிறான். அதைவிட வியப்பு, ‘அபவித்தன்’ என்பவனும் அந்த ஆறு பேரில் ஒருவன். பெற்றோர் கைவிட்டபின் வேறொருவர் எடுத்துத் தம் மகனாக்கிக் கொண்ட பிள்ளைக்குத்தான் அந்தப் பெயர். இன்று நாம் அநாதை என்று உச்சுக் கொட்டும் குழந்தைக்கு அன்றே குடும்பத்தில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்! தத்துப் போன பிள்ளை பிறந்த கோத்திரத்தை விட்டுவிட்டு எடுத்தவரின் கோத்திரத்துக்கு வந்துவிடுகிறான். ஆகவே வம்சம் என்பது உடம்பின் வழியாக மட்டும் வருவதன்று, ஏற்றுக் கொள்வதாலும் வருவது என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் கதவைத் திறந்தவர்கள் சங்கிலியைக் கழற்றவில்லை. வேறு ஜாதிப் பிள்ளை கூடாது, ஒரே பிள்ளையைக் கொடுக்கலாகாது, வயசு மிஞ்சக்கூடாது என்று பின்னால் வந்தவர்கள் நிபந்தனைகளை அடுக்கினார்கள்.

கிறிஸ்தவ வேதமோ இந்த விஷயத்தில் இன்னும் துணிச்சலாகப் பேசுகிறது. புதிய ஏற்பாட்டைத் திறந்தால் முதல் பக்கமே ஒரு வம்ச அட்டவணை. ஆபிரகாமில் தொடங்கித் தாவீது வழியாக யோசேப்பு வரையில் மத்தேயு பெயர்களை அடுக்கிக் கொண்டே வருகிறார். யோசேப்பிடம் வந்ததும் ரத்தக் கயிறு அறுந்து விடுகிறது. இயேசு யோசேப்புக்குப் பிறந்தவர் அல்லர் என்று அதே அதிகாரம் சொல்கிறது. யோசேப்பு அந்தக் குழந்தையைத் தன்னுடையதாக ஏற்றுக் கொண்டு பெயர் வைக்கிறான், அவ்வளவுதான். தாவீதின் வம்சம் என்ற பெருமை, நாசரேத்தூர்த் தச்சன் ஒருவனின் சம்மதத்தின் மூலமாக வந்து சேருகிறது. போதாதென்று, அந்த அட்டவணையின் நடுவே ரூத் என்ற மோவாபியப் பெண்ணும் இருக்கிறாள். எங்கிருந்தோ வந்து குடும்பத்தில் சேர்ந்தவள் அவள்.

பவுல் ரோமப் பிரஜை. ரோமாபுரியில் தத்தெடுப்பது சாதாரண விஷயம். ஜூலியஸ் சீசரின் தத்துப்பிள்ளைதான் முதல் சக்கரவர்த்தியான அகஸ்டஸ். அகஸ்டஸின் தத்துப்பிள்ளைதான் அடுத்துப் பட்டத்துக்கு வந்த டைபீரியஸ். மனிதனுக்கும் கடவுளுக்கும் உள்ள உறவைச் சொல்ல வந்த பவுல், வழக்குமன்றத்தில் புழங்கிய அந்தச் சொல்லையே எடுத்துக் கொண்டார். பழைய தமிழ் வேதாகமத்தில் அது ‘புத்திர சுவிகாரம்’ என்று இருக்கிறது. தர்மசாஸ்திரப் பண்டிதர்கள் தத்து வழக்குகளில் வாதாடிய அதே சுவீகாரந்தான்! அந்தக் கணக்கின்படி, விசுவாசிகள் எல்லாருமே தத்துப்பிள்ளைகள். அந்த விசுவாசத்தில் ஊறிய வீடு ஒரு குழந்தையைப் பார்த்து ‘எந்த ரத்தமோ’ என்று தயங்கினால், அது தான் உள்ளே வந்த வழியை மறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது. வளர்த்தவனின் விசுவாசத்தை வளர்ந்தவன் ஏற்றாக வேண்டுமா? இதற்குப் பதில் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. தென்னூரிலிருந்து நடந்தே தெப்பக்குளத்துக்குப் போய்விடலாம். அதன் பக்கத்தில் இருக்கும் கிறிஸ்துநாதர் ஆலயத்தை 1766-ஆம் ஆண்டில் கட்டி முடித்தவர் ஸ்வார்ட்ஸ் ஐயர். பிரஷ்ய நாட்டில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1762 முதல் திருச்சியில் வாழ்ந்து, 1778-ல் தஞ்சாவூரில் குடியேறியவர். கடைசிவரை மணம் செய்து கொள்ளாதவர். பிள்ளை இல்லாத அந்த மனிதருக்கு இரண்டு பிள்ளைகள் வாய்த்தார்கள்.

ஒருவர் தஞ்சாவூர் சரபோஜி. ராஜா துளஜா தமக்குப் பிள்ளையில்லாமல், மரணப் படுக்கையில், 1787-ல் பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைச் சுவீகாரம் எடுத்தார். பையனுக்கு அப்போது சுமார் பத்து வயசு. அவனைப் பார்த்துக் கொள்ளும்படி ஸ்வார்ட்ஸைக் கேட்டார். அவர் முதலில் இசையவில்லை; ராஜாவின் தம்பி அமர்சிங்கிடம் ஒப்படைப்பதுதான் நல்லது என்றார். ராஜா இறந்ததும் அமர்சிங் தரப்பு சுவீகாரமே செல்லாது என்றது. பெற்றவருக்கு ஒரே பிள்ளை, வயசு மிஞ்சிவிட்டது, எடுத்தவருக்குப் புத்தி தெளிவில்லை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். கம்பெனி அதிகாரிகள் பண்டிதர்களைக் கேட்க, அவர்களும் செல்லாதென்றார்கள். அமர்சிங் பட்டத்துக்கு வந்தார். பையன் அடைபட்டுக் கிடந்தான். அவனுக்காக எழுதியும் வாதாடியும், 1793-ல் அவனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தும் காப்பாற்றியவர் ஸ்வார்ட்ஸ். மறுபடியும் வேறு பண்டிதர்களைக் கேட்டபோது சுவீகாரம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. சாஸ்திரம் மாறவில்லை; சாஸ்திரம் சொன்னவர்கள் மாறினார்கள். 1798-ல் சரபோஜிக்கு முடிசூட்டினார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் ஸ்வார்ட்ஸ் கண்ணை மூடிவிட்டார். அந்தக் காட்சியைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இதில் கம்பெனிக்கு லாபம் இல்லாமல் இல்லை. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ராஜ்ய நிர்வாகம் அவர்கள் கைக்குப் போய்விட்டது. ஸ்வார்ட்ஸும் அந்த ராஜாங்கக் கணக்குகளுக்கு நடுவே வாழ்ந்தவர்தாம். ஆனாலும் ஒன்றை யாரும் மறுக்க முடியாது. தம் கைக்குள் இருந்த அந்தச் சிறுவனை அவர் கிறிஸ்தவனாக்கிவிடவில்லை. அப்படி ஒன்று நடந்திருந்தால் சீமையில் மணி அடித்துக் கொண்டாடியிருப்பார்கள். சரபோஜி சிவபக்தராகவே இருந்தார்; காசி யாத்திரை போய் வந்தார்.

அந்தச் சரபோஜி கல்லில் விட்டுச் சென்ற இரண்டு விஷயங்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. 1803-ல் போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு முழுவதையும் மராத்தியில் பெரிய கோயில் சுவரில் வெட்டி வைத்தார். சுவீகாரம் செல்லாதென்று ஒருகாலத்தில் தள்ளப்பட்ட பிள்ளை, தன் வம்சத்தைக் கல்லிலேயே எழுதி வைத்துவிட்டது! இன்னொன்று, ஸ்வார்ட்ஸின் நினைவுக்காக லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு அவர் செய்வித்த சலவைக்கல் சிற்பம். படுக்கையில் ஐயர் சாய்ந்திருக்கிறார். ராஜா அவர் கையைப் பற்றிக் கொண்டு நிற்கிறார். கல்லறைக்கென்று ராஜாவே ஆங்கிலத்தில் ஒரு பாட்டும் எழுதினார். அதில் அவரைத் தகப்பன் என்றே அழைக்கிறார். ஒரு கல்லில் பரம்பரையும் இன்னொரு கல்லில் தகப்பனுமாக, இரண்டையும் வைத்துக் கொள்ள அவருக்கு நெஞ்சில் இடம் இருந்தது.

இன்னொரு பிள்ளை பாளையங்கோட்டையில் 1774-ல் பிறந்த வேதநாயகம். தகப்பனார் தேவசகாயம், புதிதாக வேதத்துக்கு வந்தவர். பன்னிரண்டு வயசுப் பையனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார் ஸ்வார்ட்ஸ். அவர்தாம் பின்னால் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியார். ஒரே மனிதரின் நிழலில் வளர்ந்த இருவரில் ஒருவர் அவருடைய விசுவாசத்தைப் பாட்டாகவே பாடினார். மற்றவர் அதை மரியாதையோடு தள்ளி நின்று பார்த்தார். இவர்களில் யார் உண்மையான பிள்ளை என்று கேட்டால், அந்தக் கேள்வியே தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. இருவருந்தான்.

இத்தனை நல்லதைச் சொன்னபின் ஒரு கசப்பையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அதே வேதநாயக சாஸ்திரியார், பின்னால் வந்த மிஷனரிமார்கள் சபைக்குள் ஜாதி வித்தியாசம் கூடாது என்றபோது, ஜாதிக்காக வரிந்து கட்டிக் கொண்டு எழுதினார். எல்லாரும் ஒரே தகப்பனின் தத்துப்பிள்ளைகள் என்று பாடியவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவனின் பாட்டன் யாரென்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. நம் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களின் குழிகளைப் பிரித்து ஒரு சுவர் நெடுங்காலம் நின்றதே, அதுவும் இந்தப் பலவீனத்தின் நினைவுச் சின்னந்தான். ஞானஸ்நானத்தில் கழுவிவிட்டோம் என்று சொன்ன ரத்தத்தைப் புதைகுழியில் தேடினார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் செய்த பாவமன்று இது. நம் மண்ணின் பாவம். புதிய வீட்டுக்குக் குடிபோகிறபோது பழைய வீட்டுப் பாம்பையும் பெட்டியில் வைத்துக் கொண்டு போகிறோம்.

சட்டமும் வெகுகாலம் தயங்கிக் கொண்டுதான் இருந்தது. 1956-ஆம் ஆண்டு வந்த தத்துச் சட்டம் இந்துக்களுக்கும் பௌத்தர், ஜைனர், சீக்கியருக்குமானது. கிறிஸ்தவ வீட்டில் ஒரு குழந்தையை எடுத்து வளர்த்தால் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘கார்டியன்’ ஆகலாம். குழந்தை மேஜரானதும் சட்டத்துக்கு அந்த உறவு முடிந்து போகும். இரவெல்லாம் கண் விழித்து வளர்த்தவள் காகிதத்தில் தாய் அல்லள்! இளைஞர் நீதிச் சட்டம் 2000-ல் வந்து, 2006-ல் திருத்தப்பட்ட பிறகுதான் எந்த மதத்தவரும் முழுமையாகத் தத்தெடுக்க வழி பிறந்தது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. இப்போதுள்ள 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தத்தெடுத்த பிள்ளை பெற்ற பிள்ளையைப் போலவே எல்லா உரிமையும் உடையது. வளர்ந்தபின் தன் வேரைத் தேடிப் பார்க்கவும் அதற்கு விதிகள் இடம் தருகின்றன. பவுல் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் சொன்ன உவமையை, நம் கிறிஸ்தவ வீடுகள் சட்டப்படி நடத்திக் காட்ட இந்த நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

ஆனால் சட்டம் பத்திரத்தைத்தான் தர முடியும். மற்றது நம்மிடம் இருக்கிறது. பிள்ளையிடம் உண்மையை மறைக்கக்கூடாது என்பது முதலாவது. அடுத்த வீட்டுக்காரர் வாயால் அது தெரிய வரும் நாள் கொடுமையானது. இரண்டாவது, எடுத்து வளர்த்ததற்கு நன்றியை வட்டியாக வசூலிக்கக்கூடாது. பெற்ற பிள்ளையிடம் கேட்காத வட்டியை எடுத்த பிள்ளையிடம் எந்த நியாயத்தில் கேட்பது? மூன்றாவது, நம் விசுவாசத்தை அதற்குக் காட்டலாம், கதையாகச் சொல்லலாம், பாட்டாகப் பாடலாம். ஆனால் சோற்றுக்குப் பதிலாக அதைக் கேட்கக்கூடாது. நிலைத்து நிற்குமா என்று பயப்படுகிறவர்கள், பெற்ற பிள்ளைகள் மட்டும் நிலைத்து நிற்கின்றனவா என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கட்டும். விசுவாசம் ரத்தத்தில் ஓடுவதாக இருந்தால் முதல் தலைமுறையில் மதம் மாறினவர் யாருமே இருந்திருக்க முடியாது. அப்படி மாறினவர் ஒருவரைத்தானே அந்தக் குடும்பங்கள் தங்கள் மூதாதை என்று பெருமையோடு சொல்லிக் கொள்கின்றன!

வம்சம் என்பது பின்னாலிருந்து நம்மைத் தள்ளுகிற ஒன்று என்று நினைத்துப் பழகிவிட்டோம். நாம் முன்னால் நீட்டுகிற கையும் வம்சந்தான். தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். பக்கத்திலேயே சிவகங்கைத் தோட்டத்தில் ஸ்வார்ட்ஸ் கோயில் இருக்கிறது. உள்ளே போய், அந்த வெள்ளைக் கல்லில் ஒரு சைவ ராஜா ஒரு கிழப் பாதிரியாரின் கையை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று சற்று நேரம் நின்று பாருங்கள்.