போகிறேன் என்ற பிள்ளை



இன்றைய நற்செய்தியில் ஒரு தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். தோட்டத்துக்குப் போகச் சொன்னதும் ஒருவன் மாட்டேன் என்கிறான். பிறகு மனம் மாறிப் போகிறான். மற்றவன் மரியாதையாகப் போகிறேன் என்கிறான், போகவில்லை. அவன் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. சொன்ன நேரத்தில் போகத்தான் நினைத்திருப்பான்.

மலையும் கண்மாயும் ஆண்டவர் தந்தவை என்பதில் நமக்கும் சந்தேகமில்லை. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனபோது பெருமைப்பட்டோம். அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் கடைக்குக் கிளம்பும்போது பை எடுக்காமல் வெறுங்கையோடுதானே கிளம்புகிறோம்? திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லௌதாத்தோ சி' மடலில், செபிக்கிறவர்களாக இருந்தும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாத கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கிறது.

தளவாய்புரம் நைட்டி தைக்கிற ஊர். துணியிலேயே பிழைக்கிற நாம் கறிக்கடையிலும் மளிகைக்கடையிலும் நின்று கேரிபேக் கேட்கிறோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. அதன் இடத்தில் துணி மாதிரி ஒரு பை வந்தது. மிஷினில் உட்காரும் தாய்மார்களே, தொட்டுப் பாருங்கள், உங்கள் விரலுக்கே தெரியும்: அதில் ஊடும் இல்லை, பாவும் இல்லை. அதுவும் பிளாஸ்டிக்தான்; தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

அரிசி கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றும் பாட்டிகள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். சுற்றுச்சூழல் என்ற சொல்லையே அவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. போகிறேன், மாட்டேன் என்று எதுவும் சொல்லாமல் தோட்டத்துக்குப் போய்விட்டவர்கள் அவர்கள்.

போன வருடம் படைப்பைப் பற்றி இதே பீடத்தில் நின்று பேசினேன். அன்று மதியமே நம் அசனத்தில் மேசைக்கு மேசை பிளாஸ்டிக் விரிப்பு. பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. போகிறேன் என்ற அந்தப் பிள்ளை நானும்தான்.

கோயில் முகப்பில் ஒரு சாக்கு வைத்திருக்கிறோம். வெட்டி மிஞ்சும் துணியை எரித்துவிடாமல் அதில் போடுங்கள். அன்பியத்துத் தாய்மார்கள் பை தைத்துத் தருவார்கள். வாங்கிய பையை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வண்டிக் கொக்கியில் மாட்டுங்கள். மறதிக்கு வைராக்கியத்தைவிட கொக்கிதான் நல்ல மருந்து.

வரும் ஞாயிறு அக்டோபர் 4, அசிசி நகர் புனித பிரான்சிஸ் திருநாள். அசனத்துக்கு வாழையிலை சொல்லியாயிற்று. தம்ளர் மட்டும் அவரவர் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள்.